பாளையங்கோட்டை வெக்கையில் வீட்டுக்குள்ளே குட்டி ஆர்க்கிட் வளருமா?

பாளைச்செல்வி

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடி வீடு, தலைக்கு மேலே மொட்டை மாடிதான், அதனால் மே மாதம் ராத்திரி பதினொரு மணிக்குக்கூட கூரை வெக்கையைக் கக்கிக்கொண்டிருக்கும். பால்கனி மேற்குப் பார்த்தது. ஆனி, ஆடியில் மேலக்காற்று அடிக்கிற அடியில் துளசியே கருகிவிடுகிறது, ஆகவே செடி வைப்பதென்றால் வீட்டுக்குள்தான். படுக்கையறையில் கிழக்கு ஜன்னல் ஒன்று, அடுக்களையில் வடக்கு ஜன்னல் ஒன்று, அவ்வளவுதான் என் தோட்டம்.

குட்டி ஆர்க்கிட் படங்களைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற முழுச் செடி, அதிலும் பூ! ஆன்லைனில் இரண்டு மினி ஃபலனாப்சிஸ் வாங்கினேன். மொட்டோடுதான் வந்தன. ஈரப் பாசியை அமுக்கி அமுக்கித் திணித்து அனுப்பியிருந்தார்கள், பிரித்துப் பார்த்தால் பாதி வேர் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. கடைக்காரரிடம் கேட்டால் "வேர் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். சரி, அதை விடுங்கள். இப்போது மொட்டெல்லாம் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கிறது, இலையும் துவண்டு இருக்கிறது.

என் சந்தேகங்கள்: மொட்டு ஏன் உதிர்கிறது? ராத்திரி ஏசி ஓடுகிற அறையில் வைக்கலாமா கூடாதா? எங்கள் கட்டடத்தில் போர் தண்ணீர்தான், குடிக்க மட்டும் ஆர்ஓ, எதை ஊற்றுவது? அடுத்ததாக மாஸ்டிவாலியா என்று ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பூ அவ்வளவு அழகு, இந்த ஊரில் தாங்குமா? ஊட்டி, கொடைக்கானல் கதை வேண்டாம், நம்ம ஊரில் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

பொதிகைத்தென்றல்

தங்கச்சி, நான் பேட்டை பக்கம். வீட்டுக்குள் குட்டி ஆர்க்கிட் வருஷக்கணக்கில் வளர்க்கிறேன், ஆகவே தைரியமாகச் சொல்கிறேன், வளரும். ஆனால் ஒன்று. நம் ஊரில் எல்லாரும் பகல் வெயிலைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், நான் முதலில் கேட்பது ராத்திரி உங்கள் அறை எப்படி இருக்கிறது என்பதைத்தான்.

காரணம் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கும். ஃபலனாப்சிஸ் அப்படி இல்லை, பகலில் மூடி வைத்துக்கொண்டு ராத்திரிதான் திறக்கும். கள்ளி, கற்றாழை, அன்னாசி எல்லாம் இதே சாதிதான். மரக்கிளையில் மண்ணில்லாமல் தொங்குகிற செடி தண்ணீரைக் காப்பாற்ற இப்படிப் பழகிக்கொண்டது. அதனால் ராத்திரிக் காற்று காய்ந்து கிடந்தால் துளை திறந்திருக்கும்போதே ஈரம் போகும். ராத்திரியும் வெக்கை குறையாவிட்டால், பகலில் சேர்த்ததைச் சுவாசத்திலேயே செலவழித்துவிட்டு மறுநாள் சோர்ந்து நிற்கும். உங்கள் கூரை பதினொரு மணிக்கும் கொதிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இலை துவளுவதில் அதற்கும் பங்கு உண்டு. பாதி வேர் போனது அதைவிடப் பெரிய காரணம்.

ஆகவே முதல் வேலை வேர். பாசி முழுவதையும் எடுத்துவிடுங்கள். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கிற வேர் நல்ல வேர், பச்சையோ வெள்ளையோ நிறம் எதுவானாலும் சரி. விரல் பட்டதும் தோல் உருவி நடுவில் நூல் மட்டும் நிற்கிறதா, அது செத்த வேர், நெருப்பில் காட்டிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். பூந்தண்டையும் அடியோடு வெட்டுங்கள். மனசு கேட்காது, தெரியும், ஆனால் வேரில்லாத செடி பூவுக்கும் மொட்டுக்கும் சோறு போடப் போனால் செடியே போய்விடும்.

திரும்ப நடும்போது பாசி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். குளிர் நாட்டில் பாசி அருமையான பொருள். நம் ஊரில் பிளாஸ்டிக் தொட்டிக்குள் 35 டிகிரியில் நனைந்த பாசி இருந்தால் வேர் வெந்நீரில் கிடப்பது போலத்தான். நான் போடுவது அடுப்புக்கரித் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு ஓட்டுச்சில், அதோடு தேங்காய் மட்டைத் துண்டு கொஞ்சம். மட்டையை அப்படியே போடக்கூடாது. அதில் உப்பும் கறையும் இருக்கும், சில நாள் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி, கறை நிறம் வருவது நின்ற பிறகுதான் போட வேண்டும். தொட்டி சின்னதாக, வேர் கொள்கிற அளவு மட்டும் இருக்கட்டும். பக்கத்தில் ஓட்டை போட்ட சின்ன மண்தொட்டி கிடைத்தால் ரொம்ப நல்லது, மண்ணில் ஈரம் ஆவியாகும்போது தொட்டி தானே குளிரும். குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போகிற வழியில் கிடைக்கிற ஓட்டுச்சில்லே போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

தண்ணீர் விஷயம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான், வாங்கிவிடுங்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் ஆயிரத்துக்கு மேல் காட்டுகிறது, குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் அதில் கால்வாசிகூட இல்லை. ஆர்க்கிடுக்கு 200-க்குள் இருந்தால் நிம்மதி. போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி விளிம்பிலும் வேர் நுனியிலும் வெள்ளையாக உப்புப் பூக்கும், வேர் நுனி கறுக்கும். குட்டிச் செடிக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்கூட ஆகாது, ஆகவே ஆர்ஓ தண்ணீரே ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் குடம் குடமாகப் பிடித்து மூடி வைத்தால் மாதக்கணக்கில் வரும், அதற்கு ஈடு எதுவும் இல்லை.

உரம் உரக்கடையில் கிடைக்கிற 19:19:19 என்ற கலப்பு உரம் போதும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு வயலுக்கு. நமக்கு லிட்டருக்கு கால் கிராம், வாரம் ஒரு முறை, புது வேர் பச்சை நுனியோடு வரும்போது மட்டும். இப்போது உங்கள் செடிக்கு உரமே கூடாது.

மாஸ்டிவாலியா பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். வாங்காதீர்கள். அது ஆண்டிஸ் மலையில் மேகத்துக்குள் வளர்கிற செடி, ராத்திரி 10, 15 டிகிரி கேட்கும். டிராகுலா, லெபாந்தெஸ் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். நம் ஊரில் ஏசியை 24 மணி நேரமும் ஓட்டினாலும் அதற்குப் போதாது.

கேடிசி நகர் மீனா

செல்வி அக்கா, மொட்டு உதிர்வதற்கு அண்ணாச்சி சொன்ன வேர்க் காரணம் சரிதான், கூட ஒன்று கேட்கிறேன். செடி இருக்கிற அறையிலோ பக்கத்திலோ வாழைத்தார் தொங்குகிறதா? மாம்பழம் பழுக்கப் போட்டிருக்கிறீர்களா? பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், ஃபலனாப்சிஸ் மொட்டுக்கு அது ஆகவே ஆகாது, கொஞ்சம் பட்டாலும் மொட்டு மஞ்சளாகி விழுந்துவிடும். வாழை விளைகிற களக்காட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிற வீடென்றால் எந்நேரமும் ஒரு தார் தொங்கும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

சாம்பிராணிப் புகையும் அதே கதைதான். வாழைத்தாரைக் குழியில் போட்டு மூடிப் புகை மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பார்கள் இல்லையா, அந்தப் புகையில் இருக்கிற எத்திலீன்தான் காயைப் பழுக்கவைக்கிறது. செவ்வாய், வெள்ளி வீடு முழுக்கச் சாம்பிராணி போடுகிறவர்கள் மொட்டு இருக்கிற செடியை மட்டும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள். எனக்கு மொட்டு நிற்க ஆரம்பித்ததே வாழைத்தாரை அடுக்களையிலிருந்து பின்வாசலுக்கு மாற்றிய பிறகுதான்.

தென்காசி சாரல்

இலஞ்சியிலிருந்து எழுதுகிறேன். பொதிகைத்தென்றல் அண்ணாச்சி சொன்னதில் ஏறக்குறைய எல்லாம் சரி, ஆனால் ஏசி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், அதுதான் அக்கா கேட்ட முக்கியமான கேள்வி.

ஏசி அறை நல்லதுதான், அதற்குக் காரணம் பூ. ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமானால் சில வாரங்களுக்குத் தொடர்ந்து வெப்பம் இறங்கியிருக்க வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலை இலையாக விட்டுக்கொண்டு போகும், தண்டு வராது. 25-ஐ ஒட்டி இருந்தால் வரும். தாய்வான் நாட்டில் பெரிய பண்ணைகளில் இதற்காகவே குளிரூட்டிய கூடத்திலும் மலை மேலும் வைத்துப் பூக்க வைக்கிறார்கள். நெல்லைச் சீமையில் இயற்கையாக அந்தக் குளிர்ச்சி கார்த்திகை, மார்கழி, தையில்தான் ராத்திரியில் கிடைக்கும். மற்ற மாதத்தில் பூ வேண்டுமானால் ஏசி 25-இல் ஓடுகிற படுக்கையறைதான் வழி.

ஆனால் ஏசி குளிரவைக்கும்போதே காற்றில் இருக்கிற ஈரத்தையும் வடித்து வெளியே குழாயில் விட்டுவிடும். அண்ணாச்சி சொன்ன மாதிரி இந்தச் செடி துளை திறக்கிற நேரமும் அதுவே. அதனால் ஏசி அறையில் வெறுமனே மேஜை மேல் வைத்தால் ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குகிற வேலை. அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பிக் கல் மூழ்காத அளவு தண்ணீர் விட்டு அதன் மேல் தொட்டியை வைக்கச் சொல்வார்கள், அது கொஞ்சம்தான் உதவும், காற்று அசைந்தால் அந்த ஈரம் அங்கே நிற்காது.

என் வழி கண்ணாடித் தொட்டி. பழைய மீன்தொட்டி, இரண்டடி நீளம். அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர், அதற்கு மேல் பிளாஸ்டிக் வலைத்தட்டு, அதன் மேல் செடிகள். மேலே முக்கால்வாசி கண்ணாடியால் மூடி, கால்வாசி திறப்பு. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சின்ன 12 வோல்ட் விசிறி ஒன்றை ஓரத்தில் மாட்டி எந்நேரமும் மெதுவாகச் சுற்ற விட்டிருக்கிறேன். காற்று நகராவிட்டால் ஈரம் நன்மையில்லை, கெடுதல்தான், இலை நடுவில் தண்ணீர் தங்கிக் குருத்து அழுகிவிடும். உள்ளே ஈரமானி 65, 70 காட்டும், வெளியே அறையில் 40 காட்டும்போதுகூட. இதை வைத்துத்தான் தைரியமாக ஏசி அறையில் விடுகிறேன்.

ஒன்றை மறக்காதீர்கள், கண்ணாடித் தொட்டியை வெயில் விழுகிற ஜன்னலில் வைக்கவே கூடாது. கால் மணி நேர நேர்வெயிலில் உள்ளே செடி வெந்துவிடும். வெளிச்சத்துக்கு எல்இடி டியூப் போதும், 20 வாட், வெள்ளை வெளிச்சம், இலையிலிருந்து ஒரு அடிக்குள், நாளுக்கு 12 மணி நேரம். செடிக்கென்று விற்கிற ஊதா நிற விளக்குக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த வெளிச்சத்தில் இலையில் பூச்சி இருந்தால்கூட கண்ணுக்குத் தெரியாது.

பாளைச்செல்வி

அண்ணாச்சிக்கும் மீனாவுக்கும் இலஞ்சிக்காரர்களுக்கும் நன்றி. மீனா கேட்டது அப்படியே பொருந்துகிறது, செடி வைத்திருந்த மேஜைக்கு மேலேயே ரசகதலித் தார். மாற்றிவிட்டேன். வேரை வெட்டிப் பார்த்தேன், ஒன்றுக்கு நான்கு நல்ல வேர் மிஞ்சியது, மற்றதற்கு ஒன்றே ஒன்று.

மாஸ்டிவாலியா வேண்டாம் என்றால் வேறு எது வாங்கலாம்? உண்மையிலேயே குட்டியாக இருக்க வேண்டும், நம் வெக்கையைத் தாங்க வேண்டும். ஜன்னல் விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள், ஆன்லைனில் எல்லாரும் "தெற்கு ஜன்னல்தான் வெளிச்சம்" என்கிறார்கள், எனக்குத் தெற்கே சுவர்தான். அப்புறம், எதிர்வீட்டு அண்ணன் மாஞ்சோலைப் பக்கம் மரத்தில் குட்டிக் குட்டியாக ஆர்க்கிட் தொற்றிக் கிடக்கும், அடுத்த முறை போகும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். அது நம் மலைச் செடிதானே, அது இன்னும் நன்றாக வளருமா?

பொதிகைத்தென்றல்

தங்கச்சி, மாஞ்சோலை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த அண்ணனிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே ஒரு செடியைப் பிடுங்குவது குற்றம். சட்டத்தை விடுங்கள், மலையையே பாருங்கள். அகத்தியமலையில் மட்டும் வளர்கிற ஒரு ஆர்க்கிட் உண்டு, பூவின் கீழிதழ் செருப்பு மாதிரி குவிந்திருக்கும், மஞ்சள் நிறம். 1865-இல் கர்னல் ட்ரூரி என்ற ஆங்கிலேயர் கண்டெடுத்ததால் அவர் பெயரையே சேர்த்து பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்கிறார்கள். உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாகக் கிடையாது, நம் பொதிகையில் மட்டும்தான். அதை வெளிநாட்டுக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் பறித்துப் பறித்தே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றைக்குக் காட்டிலிருந்து எடுத்த அந்தச் செடியை நாடு விட்டு நாடு விற்கத் தடை. ஒரு ஆள் ஒரு செடிதானே என்றுதான் எல்லாரும் எடுத்தார்கள்.

வளருமா என்று கேட்டீர்கள், வளராது. மரத்திலிருந்து பிய்க்கும்போது பாதி வேர் பட்டையோடு போய்விடும். மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள இடம், அந்தக் குளிரிலும் மேகத்திலும் பழகிய செடி பாளையங்கோட்டை மேஜையில் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதில் சேமித்த உணவு கிடையாது, ஒரு வகைப் பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கவே செய்யும். ஒரு செடி பூக்கிற வயசுக்கு வரப் பல வருஷம் ஆகும். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். சோதனைக்கூடத்தில் திசு வளர்ப்பில் வளர்த்த செடி எத்தனையோ கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

நம் மலை ஆர்க்கிடைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் செங்கோட்டை வழியாகத் தென்மலை, குளத்துப்புழை தாண்டிப் பாலோடு போங்கள். அங்கே ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது, பெரிய ஆர்க்கிட் சேகரிப்பு உண்டு. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, சேலம் பக்கம் போனால் பார்க்கலாம்.

ஜன்னல். தெற்கு ஜன்னல் என்று சொல்கிறவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து எழுதுகிறவர்கள், அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்திருக்கும். நம் ஊர் 9 டிகிரிக்கும் கீழான அட்சரேகை. சித்திரை பிறக்கும்போது உச்சிச் சூரியன் நம் தலைக்கு மேல் வந்து அப்புறம் வடக்கே போய்விடும், ஆவணி நடுவில்தான் திரும்பத் தெற்கே இறங்கும். அதனால் உங்கள் அடுக்களை வடக்கு ஜன்னலில் வைகாசி, ஆனி, ஆடியில் வெயில் விழும், மார்கழியில் விழாது. நம்பிக்கையான ஜன்னல் உங்கள் கிழக்கு ஜன்னல்தான். காலை எட்டரை வரை வருகிற வெயில் ஃபலனாப்சிஸுக்குத் தாங்கும், அதற்கு மேல் ஒரு வெள்ளை வேட்டித் துணியைத் திரையாகப் போட்டுவிடுங்கள். இலை கரும்பச்சையாகப் போனால் வெளிச்சம் போதவில்லை, ஓரம் சிவந்தால் அதிகம், இளம்பச்சையாக இருந்தால் சரி. மீட்டர் எதுவும் வேண்டாம்.

தென்காசி சாரல்

எதை வாங்கலாம் என்பதற்கு என் பதில். இலைக்கட்டு அரை அடிக்குள் நிற்கிற செடியைத்தான் ஆர்க்கிட்காரர்கள் குட்டி என்பார்கள், பூந்தண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடையில் "மினி" என்று எழுதியிருப்பது பல நேரம் பூ சின்னது என்பதற்குத்தான், செடி வளர்ந்து ஒரு சாண் தாண்டிவிடும். வாங்கும் முன் முழு வளர்ச்சியில் இலை எவ்வளவு நீளம் என்று கேட்டுவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஷோனார்கிஸ் ஃப்ராகரன்ஸ். தாய்லாந்து, மியான்மர் பக்கத்துச் செடி, வெக்கைக்குப் பழகியது. தடித்த குட்டி இலைகள், விரல் நீளம்கூட இருக்காது, அதிலிருந்து இளஞ்சிவப்பில் கொத்தாகப் பூ, நல்ல வாசனை. கண்ணாடித் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான செடியை நான் பார்க்கவில்லை. மெதுவாகத்தான் வளரும், அது ஒன்றுதான் பொறுமை கேட்கும்.

அடுத்தது ஃபலனாப்சிஸ் இக்குவெஸ்ட்ரிஸ், பிலிப்பைன்ஸும் தாய்வானும் ஊர். கடையில் விற்கிற சின்னப் பூ ஃபலனாப்சிஸ் கலப்புகள் பலவற்றில் இதன் ரத்தம் ஓடும். நீங்கள் வைத்திருப்பதிலும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பழைய பூந்தண்டிலேயே குட்டிச் செடி விடும், அதில் வேர் இரண்டு விரற்கடை வந்ததும் பிரித்து நடலாம்.

ஹரேயெல்லா என்று தாய்வான் செடி ஒன்று, மஞ்சளில் கரும்பழுப்புத் திட்டு, வண்டு உட்கார்ந்த மாதிரி பூ. அது கொஞ்சம் குளிர்ச்சி விரும்பும், ஏசி அறைத் தொட்டிக்குச் சரி, வெறும் ஜன்னலுக்கு வேண்டாம்.

வெளிச்சம் நிறைய இருக்கிறவர்களுக்கு வாண்டா மினியாட்டா, ஆரஞ்சு நிறத்தில் நெருக்கமாகப் பூக்கும், பழைய பெயர் அஸ்கோசென்ட்ரம். கரீபியன் தீவுகளின் டொலும்னியா என்று ஒன்று உண்டு, விசிறி மாதிரி இலை, குச்சிக் கிளை நுனியில் வாழ்வதால் நனைந்தால் உடனே காய வேண்டும். பாளையங்கோட்டைக் காற்றுக்கு அது எங்கள் இலஞ்சியைவிட நன்றாக வரும் என்பது என் கணிப்பு. எங்களுக்குச் சாரல் காலத்தில் ஆனி பிறந்தால் துணியே காயாது, டொலும்னியா எப்படிக் காயும்? ஒரே மாவட்டமாக இருந்த ஊர்தான், ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் நீங்கள் வறட்சியோடு சண்டை போடுகிற அதே மாதத்தில் நாங்கள் அழுகலோடு சண்டை போடுகிறோம். அதனால் யார் என்ன சொன்னாலும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உங்கள் அறையில் ஈரமானியை ஒரு வாரம் வைத்து ராத்திரி எண்ணைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற செடியை வாங்குங்கள்.

மரத்துண்டில் கட்டி வளர்ப்பது படத்தில் அழகாக இருக்கும். மேலக்காற்று வீசுகிற ஊரில், கண்ணாடிக்கு வெளியே, அது ஒரு மத்தியானத்தில் காய்ந்துவிடும். செடித்தொட்டியே போதும்.

வள்ளியூர்க்காரன்

பூச்சி பற்றி யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வளர்த்தால் மழை இலையைக் கழுவாது, அதனால் மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் நிச்சயம் வரும். செஞ்சிலந்தி காய்ந்த வெக்கையில்தான் பெருகும், இலைக்கு அடியில் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அதுதான். ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் வாரம் ஒரு முறை துடைத்தாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிக்கு மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள், இலை இடுக்கில் ஒளிந்திருக்கும், விடாமல் பாருங்கள். எறும்பு தொட்டியில் ஏறினால் அலட்சியம் வேண்டாம், எறும்புதான் மாவுப்பூச்சியைத் தூக்கிக்கொண்டு வரும். வேப்பெண்ணெய் அடிப்பதானால் சாயங்காலம் அடியுங்கள், குருத்தில் தேங்க விடாதீர்கள்.

பாளைச்செல்வி

அண்ணனிடம் சொல்லிவிட்டேன், புரிந்துகொண்டார். மாமா வீட்டுப் பழைய மீன்தொட்டி ஒன்று பரணில் கிடந்தது, கழுவி வைத்திருக்கிறேன். ஷோனார்கிஸ் தேடுகிறேன். கடைசியாக ஒன்று, தீபாவளிக்கு ஒரு வாரம் கோவில்பட்டிக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது? ஏசியும் ஓடாது.

கேடிசி நகர் மீனா

தீபாவளி ஐப்பசியில்தானே வரும், அக்கா, அப்போது நம் ஊரில் வடகிழக்கு மழை காற்றை நனைத்துவிடும், கவலையே வேண்டாம். கிளம்புகிற அன்று காலையில் செடிகளை நன்றாக நனைத்து, குருத்தில் நின்ற தண்ணீரைத் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு, கண்ணாடித் தொட்டி அடியில் தண்ணீர் நிரப்பி, மூடியைக் கால்வாசிக்குப் பதில் இரண்டு விரல் மட்டும் திறந்து வையுங்கள். விளக்குக்கு டைமர் பிளக் ஒன்று மாட்டிவிடுங்கள், விசிறி ஓடட்டும். சின்ன செடிக்கு ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். சித்திரை, வைகாசியில் ஊருக்குப் போவதென்றால் மட்டும் கண்ணாடித் தொட்டியோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், கீழ்த்தளம்தான், அவ்வளவு வெக்கை இருக்காது.

வேர் ஒன்றே ஒன்று மிஞ்சிய செடியை இப்போதே கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துவிடுங்கள், மற்றதற்குக் காத்திருக்க வேண்டாம். வேர் குறைந்த செடிக்குக் காற்றின் ஈரம்தான் முதல் மருந்து. புது வேர் நுனி தெரிந்ததும் ஒரு படம் போடுங்கள்.